படம் ஓடி முடிந்த பிறகுதான் பாடம்

எல்கடுவ, இரத்தோட்டை மலைப் பக்கங்களில் அடைமழை நேரம் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவது லேசான காரியமல்ல என்பது நமக்குத் தெரியும். ஆகவே கர்ப்பிணித் தாய்க்கு ஆபத்து வருவதை வீட்டார் நேரத்தோடு அறிய வேண்டும். துண்டுப் பிரசுரத்தை எழுத்துத் தெரிந்தவர்தான் வாசிப்பார். வீடியோப் படமென்றால் மாமியாரும் பார்ப்பார், மருமகளும் பார்ப்பார்.

இந்தியாவில் ஒடிசா மாநிலத்துக் கியோஞ்சர் மாவட்டத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். 2012இல் டிஜிட்டல் கிரீன் என்ற நிறுவனம் அங்கே 30 கிராமங்களில் தாய் சேய் போஷாக்குப் படங்களைக் காட்டத் தொடங்கியது. நடித்தது ஊர்ச்சனம், பேசியதும் அவர்கள் பேச்சே. பேட்டரியில் ஓடும் சிறு புரொஜெக்டரில் மகளிர் குழுவுக்குப் படம் போட்டு, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். பிறகு வீடு தேடிப்போய் விசாரித்தார்கள்.

அதே மாவட்டத்தில் இப்படிப் படம் காட்டியதைப் பற்றிய பெரிய ஆய்வு 2021இல் வெளியானது. சாப்பாட்டில் வகை கூடியது. ஆனால் தாய்மாரின் உடல் எடை தேறவில்லை. படம் அறிவைத் தரும், பசியைத் தீர்க்காது. இதை மறக்கக் கூடாது.

நம் தோட்டத்தில் எப்படிக் காட்டலாம்?

1. ஒரு படத்துக்கு ஒரு செய்தி, பத்து நிமிடம் போதும். மலையிலிருந்து களைத்து வந்தவர்களை அதற்கு மேல் உட்கார வைக்க முடியாது.

2. நம் வீட்டுப் பழக்கத்திலிருந்து தொடங்குவோம். இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்கினால் தேயிலைச் சாயம் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. தண்ணீரோடு விழுங்கி, தேத்தண்ணியை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். கல்சியம் மாத்திரைக்கு வேறு நேரம். இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் இரத்தப்போக்கைத் தாங்கும் சக்தி இருக்காது.

3. புருஷன்மாரையும் கூப்பிடுவோம். ராத்திரியில் வாகனம் தேடி ஓடுவது அவர்கள்தானே!

4. இரத்தம் படுதல், கடும் தலையிடி, கண் மங்கல், முகம் கை வீக்கம், வலிப்பு, பிள்ளை அசைவு குறைதல் - இவற்றில் ஒன்றைக் காட்டியதும் படத்தை நிறுத்தி, "இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்போம். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வண்டி வரக்கூடிய ரோட்டு வரை தாயை யார் தூக்கிப் போவது என்பதையும் அன்றே பேசி வைப்போம்.

5. மறுவாரம் மிட்வைஃப் அம்மா வீட்டுக்கு வரும்போது, யார் என்ன செய்தார்கள் என்று கேட்கட்டும்.

கூட்டம் கலையும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, "படம் நல்லாருந்துச்சா?" அல்ல. "நாளைக்கு மாத்திரையை எதோட குடிப்பீங்க?" என்பதே.