இயந்திரம் படிக்கும் விளக்கவுரை

ஒரு கருவியைச் செய்வது ஒரு வேலை. அதை எவ்வாறு கையாள வேண்டும் என்று எழுதி வைப்பது மற்றொரு வேலை. இரண்டாவதை நாம் பொதுவாகச் சிறிய வேலை என்றே எண்ணி வந்திருக்கிறோம். பிரஷர் குக்கருடன் வரும் சிறு புத்தகத்தை நம்மில் எத்தனை பேர் முழுதும் படித்திருப்போம்? அலமாரியில் வைத்துவிட்டு, சந்தேகம் வந்தால் அடுத்த வீட்டு அக்காவைக் கேட்டுக்கொள்வதே நம் வழக்கம். ஆனால் இப்போது ஒரு புதிய வாசகர் வந்திருக்கிறார். அவர் ஒரு வரி விடாமல் படிப்பார். படித்ததை அப்படியே நம்புவார். அடுத்த வீட்டில் போய்க் கேட்கமாட்டார். அவ்வாசகர் ஓர் இயந்திரம். அதற்கு எழுதும் விளக்கவுரை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை, பணி அட்டைகளைத் திருத்தும் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு இங்கே ஆராய்வோம்.

முதலில் பணி அட்டை என்றால் என்ன என்று பார்ப்போம். ஜப்பானில் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்னும் பொறியாளர் 1953ஆம் ஆண்டு ஒரு முறையைக் கையாளத் தொடங்கினார். உதிரி பாகங்கள் உள்ள பெட்டியோடு ஓர் அட்டையும் செல்லும். பாகங்கள் செலவானதும் அவ்வட்டை முந்தைய பிரிவுக்குத் திரும்பி, 'இன்னும் இத்தனை வேண்டும்' என்று தெரிவிக்கும். இம்முறைக்குக் கான்பன் என்று பெயர். அறிவிப்புப் பலகை என்பது அதன் பொருள். பிற்காலத்தில் மென்பொருள் எழுதுவோர் இந்த எண்ணத்தைத் தமதாக்கிக்கொண்டனர். 2011இல் வெளிவந்து, 2017இல் அட்லாசியன் நிறுவனத்தால் வாங்கப்பட்ட டிரெல்லோ, இவ்வகைப் பலகையைக் கணிப்பொறித் திரைக்குக் கொண்டுவந்த மென்பொருள்களுள் பெயர் பெற்றது. அதில் 'செய்ய வேண்டியவை', 'நடப்பவை', 'முடிந்தவை' என்பன போலப் பத்திகளை அமைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பத்தியிலும் அட்டைகள் உண்டு. அட்டையில் தலைப்பு, விளக்கம், கெடு நாள், பொறுப்பாளர் பெயர் முதலியன இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படுவது, நாம் சொன்ன வேலையைப் பல படிகளாகப் பிரித்துத் தானே செய்ய முற்படும் மென்பொருள். அதன் உள்ளே இருக்கும் மொழி மாதிரிக்கு எழுதத்தான் தெரியும். பலகையைத் தொட அதற்குக் கை கிடையாது. அந்தக் கையாக இருப்பதே கருவி. இதற்கென்று 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொது நெறியை வெளியிட்டது. அந்நெறிப்படி, கருவி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது தன் பெயர், தான் செய்வது இன்னதென்ற விளக்கம், தனக்குத் தரவேண்டிய விவரங்கள் ஆகியவற்றைச் சொல்லும். மாதிரி இவற்றைப் படித்தே எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்று முடிவு செய்கிறது. கருவியின் உள்ளே எழுதப்பட்டுள்ள நிரல் அதன் பார்வைக்கு வராது. ஆகவே அந்த விளக்கமே அதற்குக் கண்.

இனி ஒரு விளக்கத்தைப் பாருங்கள்: 'அட்டையைத் திருத்தும்.' பிழை ஒன்றுமில்லை, ஆனால் போதாது. ஏன் போதாது?

ஒரு கட்டட வேலைக்கான பலகையில் 'மின்கம்பி வாங்குதல்' என்று ஓர் அட்டை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் விளக்கத்தில் நால்வர் நான்கு குறிப்புகள் எழுதியிருக்கிறார்கள்: ஒருவர் அளவு, ஒருவர் கடை, ஒருவர் விலை, மற்றொருவர் 'பழைய கம்பியோடு இணைக்க வேண்டாம், ஆபத்து' என்ற எச்சரிக்கை. மேலாளர் முகவரிடம், 'கடைக்காரர் திங்கட்கிழமை அனுப்புவார் என்று அட்டையில் சேர்த்துவிடு' என்கிறார். முகவரும் பணிவாக அந்த ஒரு வரியை விளக்கம் என்னும் கட்டத்தில் இட்டு அனுப்புகிறது. டிரெல்லோவில் விளக்கத்தை அனுப்பினால் அது பழையதோடு சேராது. பழையது முழுதும் நீங்கிப் புதியது அவ்விடத்தில் அமரும். நான்கு குறிப்புகளும் அட்டையிலிருந்து மறைந்தன. இயந்திரமோ 'வெற்றி' என்று பதில் தருகிறது. எங்கும் மணி அடிக்கவில்லை. கம்பி வந்திறங்கும் நாளில், எச்சரிக்கையைப் படித்திராத ஒருவர் கையில் அந்த அட்டை இருக்கும்.

இங்கே நிரலில் குற்றமில்லை. முகவரும் சொல்லப்படாத ஒன்றை அறிய வழியில்லை. குறை விளக்கவுரையில் இருக்கிறது என்பதே நம் கருத்து. அதை இவ்வாறு எழுதியிருக்கலாம்:

'அட்டை ஒன்றின் தலைப்பு, விளக்கம், கெடு நாள் ஆகியவற்றை மாற்றும். கொடுக்கப்படாதவை மாறா. விளக்கம் கொடுத்தால் பழைய விளக்கம் முழுதும் நீங்கிவிடும். அதனோடு சேர்க்க வேண்டுமாயின் முதலில் அட்டையைப் படித்து, பழையதையும் புதியதையும் ஒன்றாக அனுப்புக. செய்தி தெரிவிப்பது மட்டுமே நோக்கமாயின் கருத்துரைக் கருவியைப் பயன்படுத்துக. அட்டையை வேறு பத்திக்கு நகர்த்த இக்கருவி உதவாது.'

கருவி செய்யாததையும் இது சொல்லிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். பிறர் எழுதும் விளக்கங்களில் பெரும்பாலும் விடுபடுவது அந்தப் பகுதியே.

கெடு நாளிலும் ஒரு சிக்கல் உண்டு. டிரெல்லோ நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொள்கிறது. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. மாலை 5 மணி என்று நாம் சொன்னதை முகவர் அப்படியே பொது நேரமாக எழுதினால் அட்டையில் இரவு 10:30 என்று தோன்றும். 11:30 என்று அனுப்பியிருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு அட்டைகள் இருக்கவும் கூடும். எனவே பெயரைக் கொண்டு தேடாமல், ஒவ்வோர் அட்டைக்கும் உரிய 24 எழுத்து அடையாளக் குறியைக் கேட்பதே பத்திரம்.

அழிப்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அட்டையைக் காப்பகத்தில் வைத்தால் பிறகு மீட்கலாம். அழித்துவிட்டால் மீட்க இயலாது. பேச்சு வழக்கில் 'அதை எடுத்துவிடு' என்கிறோம். அது இவ்விரண்டில் எது? மேற்சொன்ன நெறியில், படிக்க மட்டுமே செய்யும் கருவி எது, அழிக்கவல்லது எது என்று குறித்துவைக்க இடம் உண்டு. ஆனால் அது வெறும் குறிப்புதான், பூட்டு அன்று. எழுத்தை மட்டும் நம்பாமல், அழிக்கும் கருவியை முகவரிடம் கொடுக்காமலே விடுவது நல்லது என்பது நம் எண்ணம். தீப்பெட்டியின் மேல் 'விளையாடாதே' என்று எழுதுவதைவிட அதைப் பரண்மேல் வைப்பது மேல் அல்லவா? அட்டையில் யாரேனும் 'மற்ற அட்டைகளையெல்லாம் நீக்குக' என்று எழுதிவைத்தால், அதையே தனக்கு இட்ட கட்டளையாக முகவர் எடுத்துக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. இதற்கும் விளக்கவுரை மட்டும் மருந்தாகாது.

இவ்வளவையும் கேட்டு, பக்கம் பக்கமாக எழுதிவிடலாம் என்று எண்ண வேண்டாம். மாதிரி ஒரே நேரத்தில் கருத்தில் கொள்ளக்கூடிய எழுத்துக்கு எல்லை உண்டு. கருவிகளின் விளக்கங்களும் அந்த இடத்தையே பிடிக்கின்றன. ஆகவே தேவையானதைச் சுருங்கச் சொல்லி, ஒரு சோதனைப் பலகையில் முகவரை வேலை செய்யவிட்டுப் பார்க்க வேண்டும். 'சேர்', 'மாற்று', 'எடுத்துவிடு', 'நாளைக்குத் தள்ளிவை' என்று மனிதர் பேசுகிறபடியே சொல்லிப் பார்க்க வேண்டும். எங்கே அது தடுமாறுகிறதோ, அந்த வரியைத் திருத்தி எழுதி, மறுபடி அதே நான்கு சொற்களையும் சொல்லிப் பார்க்க வேண்டும்.