முத்துச் சல்லடையும் மோட்டார் சைக்கிள் எண்ணும்



மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முத்துகளைப் பருமன்வாரியாகப் பிரிப்பதற்கு 20 முதல் 1000 வரை எண்ணிடப்பட்ட பத்துப் பித்தளைச் சல்லடைத் தட்டுகள் பயன்பட்டன. அந்த எண் தட்டிலுள்ள துளைகளின் எண்ணிக்கையைக் குறித்ததால், எண் ஏற ஏறத் துளையும் அதில் தங்கும் முத்தும் சிறுத்தன. இன்று தூத்துக்குடித் தெருக்களில் ஓடும் மோட்டார் சைக்கிள்களின் பெயரிலுள்ள எண்களும் அளவையே குறிக்கின்றன என்றாலும், இங்கே எண் ஏறினால் எஞ்சினும் பெரிதாகும். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் கடக்கும் இடத்தின் கன அளவு ‘சிசி’ எனப்படும் கன சென்டிமீட்டரில் கணக்கிடப்பட்டு, அதையொட்டிய எளிய எண்ணாக மாற்றப்பட்டுப் பெரும்பாலும் பெயரோடு சேர்கிறது. யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் எஞ்சின் 98 சிசி, பழைய புல்லட் 350 வண்டியின் எஞ்சின் 346 சிசி என்பதால், பெயரிலுள்ள எண்ணைத் துல்லிய அளவாகக் கொள்ளலாகாது.

பெயரிலுள்ள எழுத்துகளோ அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. மீன்பெட்டி சுமந்து கடற்கரைச் சாலையில் செல்லும் டிவிஎஸ் மொபெட்டின் மூன்று எழுத்துகள் தொழில்நுட்பச் சுருக்கமல்ல. 1911-இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் பெயரெழுத்துகளே அவை. டி என்பது நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியையும், வி என்பது வெங்கராமையும், எஸ் என்பது சுந்தரத்தையும் குறிக்கின்றன. பிறந்த ஊரைப் பெயருக்கு முன் நிறுத்தும் தமிழ் வழக்கு ஒரு வண்டியின் உடலில் எழுதப்பட்டு நாடெங்கும் ஓடுவது, வண்டிப் பெயர்களில் ஈடில்லாத அழகு. மோட்டார், பெடல் என்னும் இரு சொற்கள் இணைந்து பிறந்ததே மொபெட்; 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 மக்கள் நாவில் எவ்வளவு ஊன்றியதென்றால், பின்னர் வந்த எக்ஸ்எல் 100 வண்டியையும் பலர் ‘டிவிஎஸ் ஃபிஃப்டி’ என்றே அழைக்கின்றனர். அதே வரிசையில் சேரும் ‘எச்டி’ என்பது ‘ஹெவி டியூட்டி’, அதாவது பாரம் தாங்கும் வகை. அதே நிறுவனத்தின் அப்பாச்சி மோட்டார் சைக்கிளில் உள்ள ‘ஆர்டிஆர்’ என்பது ‘ரேசிங் த்ராட்டில் ரெஸ்பான்ஸ்’, அதாவது ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் எஞ்சின் பந்தய வண்டிபோல் உடனே சீறும் இயல்பு. முன்னது வேலையைச் சொல்கிறது, பின்னது ஆசையைத் தூண்டுகிறது.

புல்லட் என்னும் பெயருக்கு வேர் இங்கிலாந்தில் உள்ளது. என்ஃபீல்டு ஊரின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்த நிறுவனமே ‘ராயல் என்ஃபீல்டு’ என்ற பெயரை ஏற்றது என்பதால், அதன் வண்டி துப்பாக்கிக் குண்டின் பெயரைப் பெற்றதில் வியப்பில்லை. 1955-இல் சென்னையில் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட்டைத் தயாரித்தது.

எல்லா எழுத்துக்கும் விரிவு உண்டென்று எண்ணி, ஆர்எக்ஸ் போன்றவற்றுக்குக் கற்பனையாகப் பொருள் கட்டுவோர் பலர். தயாரித்தவர் சொல்லாத விரிவை எழுத்தின் மேல் ஏற்றுவது பிழை. அரசு தரும் குறியீட்டில் இந்த ஐயத்துக்கு இடமில்லை: எண் பலகையில் டிஎன் தமிழ்நாட்டையும் 69 தூத்துக்குடிப் பதிவு அலுவலகத்தையும் குறிக்கின்றன, மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகின் பக்கவாட்டில் ஐஎன்டி, டிஎன் ஆகியவற்றுக்குப் பின் வரும் எம்எம் அது விசைப்படகு என்பதையும், நாட்டுப்படகில் உள்ள எம்ஓ அது மோட்டார் பொருத்திய படகு என்பதையும் சொல்கின்றன.