நோக்கியா தேர்ந்த பாதை

தோழியரே, மேலகரத்தில் நம் வீட்டுப் பெரியோர் பலர் முதலில் கையாண்ட கைப்பேசி நோக்கியாவாகவே இருக்கும். அதன் ஆலை திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கியது. மறு ஆண்டே ஐபோன் வந்தது. 2008இல் ஆண்ட்ராய்டு வந்தது. நோக்கியாவின் சிம்பியன் இயங்குதளம் இவற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை.

2011 பிப்ரவரியில் தலைமை அதிகாரி ஸ்டீபன் ஈலோப், மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனைத் தேர்ந்தார். ஆண்ட்ராய்டை ஏற்றால் பலருள் ஒருவராவோம் என அஞ்சினார். அவ்வச்சம் நியாயமே. ஆனால் புதிய லூமியா அவ்வாண்டு இறுதியில்தான் கடைக்கு வந்தது. கைவிடப்போவதாக அறிவித்த சிம்பியனை அதுவரை யார் விரும்பி வாங்குவர்? தேர்வைவிட இவ்வவசரமே பெரும் பிழை என்போம். செயலிகள் குறைந்த தளத்தை மக்களும், மக்கள் குறைந்த தளத்தைச் செயலி எழுதுவோரும் நாடவில்லை.

2014 ஏப்ரலில் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாப்டிடம் சென்றது. வரி வழக்கினால் திருப்பெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. வேலை இழந்தோருள் இளம்பெண்கள் மிகப் பலர்.