விளங்கும்படிச் சொல்வோம்

சென்ற ஆண்டு ரமளானின் கடைசி ஜும்ஆவில், ஆம்பூர்ப் பக்கத்து மஹல்லா ஒன்றில் ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. "ஸதகத்துல் ஃபித்ரை ஸலாத்துல் ஈதுக்கு முன் முஸ்தஹிக்கீன்களுக்கு அதா செய்துவிட வேண்டும்" என்பது வாசகம். தோல் ஷாப்பில் கூலி வேலை செய்யும் சகோதரர் ஒருவர் கேட்டார், பாதி விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்க வெட்கம். வீட்டில் ஃபித்ராவுக்கென ஒதுக்கி வைத்திருந்த பணம், பெருநாள் தொழுது, பகல் சாப்பாடும் முடிந்த பிறகே ஓர் ஏழை விதவையின் கைக்குப் போயிற்று. அன்று காலை அந்த அம்மையாரின் அடுப்பு எரியவில்லை.

தொழுகைக்கு முன் கொடுத்தால்தான் அது ஃபித்ரா. பின்னர் கொடுப்பது மற்ற தர்மங்களைப் போன்றதே என்ற கருத்தை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஆக, அந்த அறிவிப்பின் ஆடம்பரம் ஒரு வணக்கத்தையே நேரம் தவற வைத்துவிட்டது.

பெருமானார் (ஸல்) அவர்கள் பேசினால் சொற்களை எண்ணிவிடலாம் என்று ஆயிஷா (ரலி) அவர்களும், விளங்கும் பொருட்டு மும்முறை சொல்வார்கள் என்று அனஸ் (ரலி) அவர்களும் கூறியுள்ளனர். வாயை நிரப்பிப் பகட்டாகப் பேசுவோரை நபியவர்கள் வெறுத்தார்கள். ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டதாகத் திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயம் கூறுகிறது.

நம் வட்டாரத்தில் ஒரே தெருவில் உருதுவும் தமிழும் பேசும் வீடுகள் உண்டு. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும், 1924இல் தொடங்கிய உமராபாத் தாருஸ்ஸலாமும் ஆலிம்களை உருவாக்கிய மண் இது. பாக்கியாத்தில் ஓதிய அப்துல் ஹமீத் பாகவி அவர்களின் தமிழ்த் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பின் முதல் பகுதி 1929இல் வெளிவந்தது. தமிழில் சொன்னதால் அவர்களுடைய இல்முக்கு என்ன குறைந்தது? நம் முன்னோர் தொழுகை, நோன்பு, பெருநாள் என்றே புழங்கினார்கள். அதற்காக மேடைத் தமிழின் அடுக்குமொழியை மிம்பருக்குக் கொண்டு வருவதும் வேண்டாம். அதுவும் இதே நோய்தான்.

தோலைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து என்று எடுப்பது என்பதை மேஸ்திரி எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார்! தவறினால் தோல் கெட்டு, முதலே போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

இவ்வாண்டு அதே பள்ளியின் பலகையில் இப்படி எழுதியிருந்தார்கள்: "ஃபித்ராப் பணத்தைப் பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் ஏழைகளிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டில் பெண்களிடமும் சொல்லுங்கள்." அதன் கீழே உருதுவிலும் அவ்வளவே.