பந்து கையில் இருக்கும் நேரம்

கூடைப்பந்து ஆட்டத்தில் பந்தை நெடுநேரம் தட்டிச் செல்பவனே சிறந்த ஆட்டக்காரன் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. பார்ப்போர் கைதட்டுவது அவனுக்கே. அணித் தேர்விலும் கண்கள் முதலில் அவன்மீதே விழுகின்றன. இது எந்த அளவுக்குச் சரி என்பதைக் கணிதம் பயிலும் மாணவன் என்ற முறையில் சற்று ஆராய முற்படுகிறேன்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்கள் 48 நிமிடம் நடைபெறுகின்றன. பந்து இரு அணியினரிடமும் சம நேரம் இருந்தால் ஓர் அணிக்கு 24 நிமிடம். ஐவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆகவே எவ்வளவு பெரிய வீரரும் ஆட்டத்தின் பெரும் பகுதியைப் பந்தில்லாமலேயே கழிக்கிறார்.

பந்தை வைத்திருப்பதற்குக் கால எல்லை இல்லாத நாள்களும் இருந்தன. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வேய்ன் அணி, மினியாபொலிஸ் அணிக்கு வாய்ப்பே தராமல் பந்தைக் கைக்குள்ளேயே வைத்திருந்து 19-18 என வென்றது. வெற்றிதான்; ஆனால் அதை ஆட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1954இல் டேனி பயசோன் என்பவர் ஒரு கணக்குப் போட்டார். 48 நிமிடம் என்பது 2880 விநாடி, நல்ல ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 120 முறை கூடையை நோக்கி எறியும், வகுத்தால் 24. இன்றுவரை நிற்கும் 24 விநாடி விதி பிறந்த கதை இதுதான்.

இனி 2016 டிசம்பர் 5. கோல்டன் ஸ்டேட் அணியின் கிளே தாம்சன், இந்தியானா அணிக்கு எதிராக 29 நிமிடமே ஆடி 60 புள்ளிகள் எடுத்தார். பந்து அவர் கையில் இருந்தது ஏறத்தாழ 90 விநாடி. தரையில் தட்டியது 11 முறை! ஒரு புள்ளிக்கு ஒன்றரை விநாடி. மற்ற நேரமெல்லாம் அவர் ஓடிக்கொண்டிருந்தார். தோழர்களின் மறைப்பில் சுற்றி வந்து, பந்து வருமுன்பே காலையும் கையையும் ஆயத்தமாக வைத்திருந்தார். எறியப்பட்ட பந்தைவிட விரைவாக எந்தத் தடுப்பாளரும் ஓட முடியாதல்லவா?

அப்படியானால் குறைவாக வைத்திருப்பதே நல்லதா? அதுவும் அன்று. ஜேம்ஸ் ஹார்டன் பந்தை நெடுநேரம் தட்டி ஆடுபவர். 2018-19 பருவத்தில் ஆட்டத்துக்கு 36.1 புள்ளி சராசரி எடுத்தார். அவர் தட்டத் தட்ட எதிரணி கலையும்; இருவர் அவரைச் சூழ்ந்தால் தோழர் ஒருவர் தனித்து நிற்பார். தாம்சனின் 90 விநாடிகளும் பிறர் பந்தைக் கொண்டுவந்து கொடுத்ததால் கிடைத்தவையே.

எனவே நான் கேட்கும் கேள்வி வேறு. பந்தைத் தட்டத் தொடங்கியபோது நின்ற இடத்திலேயே தடுப்பாளர்கள் இன்னும் நிற்கிறார்களா? நின்றால் அந்த விநாடிகள் வீண். பதினெட்டு விநாடியை ஒருவர் தின்றுவிட்டால், கடைசியில் பந்தைப் பெறுபவர் அவசரமாக எறிகிறார், தவறுகிறது. பதிவேட்டில் தவறு எழுதப்படுவது எறிந்தவர் பெயரில்!

நம் பயிற்சி ஆட்டங்களில் ஒருவர் ஸ்டாப் வாட்சுடன் அமர்ந்து, யார் எத்தனை புள்ளி என்பதோடு, பந்தைப் பிறரிடம் கொடுத்தபோது எத்தனை விநாடி மிச்சம் வைத்தார் என்பதையும் குறித்தால் போதும். நான்கைந்து ஆட்டங்களுக்குப் பின் அந்த ஏட்டை அணித் தேர்வின்போது விரித்துப் பார்க்கலாம்.