பக்கத்தில் இருந்தவர்கள் சொல்வது

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய கேள்வித்தாளை முழுக்கப் படித்தேன். அன்னூர், சூலூர்ப் பக்கம் புற்றுநோயில் இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்களுடைய கடைசி மாதம் எப்படிக் கழிந்தது என்று கேட்கப்போகிறாய். அவசியம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். "கடைசி வாரத்தில் அவருக்கு வலி எவ்வளவு? 0 முதல் 10 வரை சொல்லுங்கள்." வலித்தது ஒருவருக்கு, மதிப்பெண் போடுவது இன்னொருவர். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வீட்டாருடைய வாய்ச்சொல்லை லேசாக நினைத்துச் சொல்லவில்லை. சென்னையில் 1995 முதல் 1997 வரை இறந்த பெரியவர்களில் ஏறத்தாழ 48,000 பேருடைய குடும்பங்களை டாக்டர் வேந்தன் கஜலட்சுமியின் குழு விசாரித்தது. வீட்டுக்குப் போனவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள். வீட்டார் சொன்னதை அவர்கள் எழுதிக்கொண்டு வர, டாக்டர்கள் படித்துக் காரணத்தை முடிவுசெய்தார்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் தெளிவில்லாமல் கிடந்த பல சாவுகளுக்கு அப்படித்தான் விடை கிடைத்தது. நடுவயதில் இறந்தவர்கள் விஷயத்தில் இந்த முறை நன்றாக வேலை செய்தது. எழுபதைத் தாண்டியவர்களிடம் அவ்வளவு இல்லை. எழுபதுக்கு மேல் ஒருவர் போனால், "வயசாயிடுச்சுங்க" என்பதோடு விசாரிப்பதையே நாம் நிறுத்திவிடுகிறோம்.

அதே குழு 2003-ல் 'லான்செட்' இதழில் எழுதியது இன்னும் பெரிய விஷயம். சென்னையிலும் விழுப்புரத்துக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களில் யார் யார் புகைபிடித்தவர்கள் என்பதை அவர்கள் வீட்டாரிடம் கேட்டு, உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கமும் காரணம் என்று தெரியவந்தது. இருபது வருடம் பீடி நாற்றத்தோடு குடித்தனம் நடத்திய பெண்ணுக்கு, கணவர் புகைபிடித்தாரா என்பதில் தடுமாற்றம் வராது. நம் பக்கத்தில் மில்லுக்குப் போனவர் எந்த ஷிப்டு, எத்தனை வருடம் என்று கேட்டுப் பார், தேதியோடு சொல்வார்கள். நோயின் பெயரைச் சொல்லக் கூசுகிறவர்கள்கூட "பெருந்துறையில வெச்சிருந்தோமுங்க" என்பார்கள். அங்கே காசநோய் சானடோரியம் இருந்ததை அறிந்தவருக்கு அது போதும்.

கண்ணால் பார்த்ததில் பிசகு குறைவு. அதிலிருந்து நாம் ஊகிக்கும்போதுதான் வழுக்கும். இதே முறையில் பத்து லட்சம் இறப்புகளை ஆராய்ந்த தேசிய ஆய்வு, மலேரியாவால் ஆண்டுக்கு சுமார் 2,05,000 பேர் இறப்பதாக 2010-ல் கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய கணக்கோ சுமார் 15,000. வீட்டார் காய்ச்சலைப் பார்த்தது உண்மை. அது எந்தக் காய்ச்சல் என்பதில்தான் சண்டை.

வலி அதையும்விடக் கடினம். வீட்டாரின் பதில்களை எவ்வளவு நம்பலாம் என்று நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து மெக்பெர்சனும் ஆடிங்டன்-ஹாலும் 2003-ல் எழுதினார்கள். கிடைத்த கவனிப்பு, வெளியே தெரியும் உபாதை ஆகியவற்றில் நோயாளியும் வீட்டாரும் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். வலி, பயம், மனச்சோர்வு என்று வரும்போது விலகிவிடுகிறார்கள். அதனால் அந்த 0-10 கேள்வியை எடுத்துவிடு. ராத்திரி தூங்கினாரா, அனத்தினாரா, தானாகப் புரண்டு படுக்க முடிந்ததா என்று கேள். மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்களா, எத்தனை மணிக்கு ஒருதரம், தீர்ந்தபோது எங்கே போய் வாங்கினார்கள் என்று கேள். மார்ஃபின் எளிதாகக் கிடைக்கட்டும் என்றுதான் 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் அன்னூர் வரை வந்து சேர்ந்ததா என்பதை இந்தப் பதில்கள்தான் காட்டும்.

யாரிடம் கேட்கிறாய் என்பதையும் பார். நீ போனதும் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவது மூத்த மகனாக இருக்கும். திருப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்து போனவர். மலம் அள்ளி, புண் துடைத்து, பக்கத்தில் படுத்த மருமகள் உள்ளே காப்பி வைத்துக்கொண்டிருப்பாள். "ராத்திரியில கூட இருந்தது யாருங்க?" என்று முதலிலேயே கேட்டு, அவளிடம் தனியாகப் பேசு. அவர் சொன்னதையும் இவள் சொன்னதையும் ஒன்றாக்காமல் இரண்டையும் எழுது.

இன்னொன்று. எழவு கேட்க வந்த ஒவ்வொருவரும் "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டிருப்பார்கள். கருமாதி முடிவதற்குள் அந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுப் படிந்துவிடும். "ஒரு கொறையும் வைக்கலீங்க" என்பது அதில் கட்டாயம் இருக்கும். பொய் என்று ஒதுக்காதே. ஊருக்கு முன்னால் அந்தக் குடும்பம் நிற்க வேண்டியிருக்கிறது. முதலில் அதை முழுக்கக் கேட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு நாளாகக் கேள்: ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று என்ன சாப்பிட்டார், யார் தூக்கி உட்கார வைத்தது?

"வீட்டிலேயே இருக்க ஆசைப்பட்டாரா?" என்ற கேள்விக்கு முன்னால், நோய் என்னவென்று அவருக்குச் சொல்லியிருந்தார்களா என்று கேட்டே ஆக வேண்டும். நம் வீடுகளில் பாதி நேரம் "அவருக்குத் தெரியாதுங்க, வவுத்துப் புண்ணுன்னு சொல்லி வெச்சிருந்தோம்" என்பதுதான் பதில். தெரியாதவரின் விருப்பத்தை, தெரிந்தே எடுத்த முடிவு என்று உன் அட்டவணையில் போட்டுவிடாதே.

கடைசியில் அவர்கள் உன்னைக் கேட்பார்கள்: "முன்னாடியே கோயமுத்தூருக்குக் கூட்டிட்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாருங்களா, சாமி?" அப்போது பேனாவை மூடி வை. சமாதானத்துக்காகப் பொய் சொல்லாதே, "தெரியலீங்க" என்று எழுந்தும் வந்துவிடாதே. போன் நம்பரை வாங்கிக்கொண்டு, உங்கள் குழுவிலிருக்கும் டாக்டர் அந்த வாரத்துக்குள் அவர்களோடு பேசுவதற்கு ஏற்பாடு செய். அதற்கு ஆகும் நேரத்தையும் செலவையும் நெறிமுறைக் குழுவுக்குப் போகும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடு. ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதே.

திருத்திய கேள்வித்தாளை அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா