ஒரு டைல் போதும்: இங்க்ஸ்கேப்பில் சிக்குக் கோலம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் படம் வரைய முதலில் திறப்பது பெயிண்ட் புரோகிராமைத்தான். அதில் தவறில்லை. ஆனால் பெயிண்ட், படத்தைப் பிக்சல் பிக்சலாகச் சேமிக்கிறது. உள்ளங்கை அளவில் வரைந்த கோலத்தை வாசல் அளவுக்குப் பெரிதாக்கினால் கோட்டின் ஓரங்கள் படிக்கட்டு போலத் தெரியும். வெக்டார் புரோகிராம் அப்படியல்ல. கோடு எங்கே தொடங்கி, எப்படி வளைந்து, எங்கே முடிகிறது என்ற கணக்கை மட்டும் வைத்துக் கொள்ளும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே இருக்கும். இந்த வகையில் இலவசமாகக் கிடைப்பது இங்க்ஸ்கேப். 2003-ல் தொடங்கப்பட்டது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும்.

ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பேட்டர்ன் உருவாக்குவதுதான் இந்தப் பாடம். உதாரணத்திற்கு வெளிநாட்டு வால்பேப்பர் எதுவும் வேண்டாம். ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புள்ளிக் கோலமே போதும். இது விளையாட்டுக்குச் சொல்வதல்ல. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் கோலத்தைக் கம்ப்யூட்டர் மொழியின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டிய ஆய்வுக் கட்டுரை 1974-லேயே வெளியாகிவிட்டது. நம் வீடுகளில் கம்ப்யூட்டர் நுழைவதற்கு வெகு காலம் முன்பு!

எங்கள் மாடி வீட்டு மாமிக்கு முட்டிவலி. குனிந்து கோலம் போட முடிவதில்லை. தன் கோல நோட்டிலிருந்து ஒன்றைக் கடையில் கொடுத்து, வாசலுக்கு ஸ்டிக்கராக அடித்து வாங்கினார். வந்ததைப் பார்த்ததும், "கோடே ஓடலையேப்பா, கட்டம் கட்டமா தனித்தனியா நிக்கறதே" என்றார். அவர் சொன்னது சரி. சிக்குக் கோலத்தில் கோடு ஒரு புள்ளியைச் சுற்றி அடுத்த புள்ளிக்கு ஓட வேண்டும். அங்கே டைல்கள் நுனியில் உரசி நின்றனவே தவிர, கோடுகள் ஒன்றையொன்று வெட்டவில்லை. இதற்குக் காரணம் ஒரே ஒரு செட்டிங். எனவே அதை முதலில் மாற்றிவிடுவோம்.

எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ் திறந்து, டூல்ஸ் என்பதை க்ளிக் செய்யுங்கள். பவுண்டிங் பாக்ஸ் என்ற இடத்தில் விஷுவல் என்று இருக்கும். அதை ஜியோமெட்ரிக் என மாற்றுங்கள். விஷுவலில் கோட்டின் தடிமனையும் சேர்த்து அளப்பார்கள். 20 மி.மீ. டைலுக்கு 2 மி.மீ. தடிமனில் கூர்முனையோடு கோடு போட்டால், அளவு ஏறக்குறைய 22.8 மி.மீ. ஆகிவிடும். அந்த இடைவெளியில் அடுக்கினால் கோடு எப்படிச் சேரும்?

இனி டைல். ஃபைல் மெனுவில் டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸ் சென்று, கிரிட்ஸ் பகுதியில் 10 மி.மீ. இடைவெளியில் சதுர கிரிட் ஒன்றை உருவாக்குங்கள். ஸ்நாப்பிங் ஆன் ஆகியிருக்கட்டும். பி கீயை அழுத்தினால் பேனா டூல் வரும். இரண்டு கட்டம் அகலம், இரண்டு கட்டம் உயரம் உள்ள ஒரு சதுரத்தை மனதில் வைத்து, அதன் நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாக க்ளிக் செய்து, தொடங்கிய இடத்திலேயே முடியுங்கள். சாய்சதுரம் கிடைக்கும். ஃபில் அண்டு ஸ்ட்ரோக்கில் உள்நிறம் வேண்டாம் என்று கொடுத்து, கோட்டின் தடிமனை 2 மி.மீ. ஆக்குங்கள். இ கீயை அழுத்தி, கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்தபடி நடுவிலிருந்து இழுத்தால் வட்டப் புள்ளி வரும். இரண்டையும் தேர்வு செய்து கன்ட்ரோல் + ஜி. இதுதான் தாய் டைல்.

5 புள்ளி அகலம், 4 வரிசை உயரம் உள்ள கோலம் போடுவோம். அதில் ஓரங்களை விட்டால் நடுவில் மூன்றுக்கு இரண்டு. டைலைத் தேர்வு செய்து எடிட் மெனு, க்ளோன், கிரியேட் டைல்டு க்ளோன்ஸ் செல்லுங்கள். சிமெட்ரி டேபில் முதலில் உள்ள பி1 போதும். ரோஸ் 2, காலம்ஸ் 3 எனக் கொடுத்து கிரியேட் அழுத்துங்கள். ஆறு டைல்கள் வரும்; சேரும் இடமெல்லாம் கோடுகள் பெருக்கல் குறியாக வெட்டும். தாய் டைல் முதல் க்ளோனுக்கு அடியில் மறைந்திருக்கும். உபரி என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஏதாவது ஒரு க்ளோனைத் தேர்வு செய்து ஷிப்ட் + டி அழுத்தினால் தாய் டைல் தேர்வாகும். அதன் நிறத்தை மாற்றினால் எல்லாமே மாறும். காப்பி, பேஸ்ட் செய்வதைவிட க்ளோன் மேல் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சாதாரணப் பேட்டர்னுக்கு வேலை இங்கே முடிந்துவிடும். கோலத்திற்கு முடியாது, ஓரத்தில் கோடு வளைந்து திரும்பி உள்ளே வர வேண்டும். தாய் டைலை கன்ட்ரோல் + டி கொடுத்துப் பிரதி எடுங்கள். அதன் மேல் டபுள் க்ளிக் செய்து குரூப்பிற்குள் நுழைந்து, நோட் டூலில் மேல் முனையைத் தேர்வு செய்து ஷிப்ட் + எஸ் அழுத்துங்கள். கூர்முனை வளைவாகும், கைப்பிடிகளை இழுத்து உருண்டையாக்கலாம். இதிலிருந்து மேல் ஓரத்துக்கு மூன்று க்ளோன்கள். அவற்றைப் பிரதி எடுத்து வி கீயை அழுத்தினால் தலைகீழாகிக் கீழ் ஓரம் தயார். பக்கங்களுக்கு இரண்டிரண்டாக எடுத்து 90 டிகிரி திருப்புங்கள். மூலைகளுக்கு அடுத்தடுத்த இரண்டு முனைகள் வளைந்த இன்னொரு டைல் வேண்டும். ஆக நடுவில் 6, ஓரங்களில் 10, மூலைகளில் 4, மொத்தம் 20.

இப்போது விரலை வைத்துக் கோட்டைத் தொடருங்கள். எல்லாப் புள்ளிகளையும் சுற்றி, தொடங்கிய இடத்திற்கே வரும். ஒரே கோடு! நான்குக்கு நான்கு போட்டால் இப்படி வராது, நான்கு தனிக் கோடுகளாகப் பிரியும். இவ்வகைச் செவ்வகக் கோலத்தில் அகலம், உயரம் இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கோடுகள். 5, 4-க்கு அது 1. ஆறுக்கு நான்கு என்றால் 2.

சிமெட்ரி பட்டியலில் பி1 தவிர இன்னும் 16 வகைகள் உண்டு. தளத்தை நிரப்பும் பேட்டர்ன்களின் சமச்சீர் 17 வகைதான் என்று ரஷ்யாவின் ஃபெடரோவ் 1891-லேயே நிரூபித்துவிட்டார். சும்மா ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது. இடுக்குப் புள்ளிக் கோலத்திற்கு டைலின் வடிவத்தையே மாற்ற வேண்டும். அது தனிப் பாடம்.

கடைக்குக் கொடுக்கும்போது பிஎன்ஜி படமாகக் கொடுக்காமல், சேவ் ஆஸ் மூலம் பிடிஎஃப் ஆகக் கொடுங்கள்; எஸ்விஜி ஃபைல் உங்களிடமே இருக்கட்டும். அதற்கு முன் டைல்கள் சேரும் இடம் ஒன்றை நன்றாகப் பெரிதாக்கி, கோடு வெட்டுகிறதா, உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஸ்டிக்கர் அடித்த பிறகு திருத்த முடியாது.